இடது காலுக்கு வலி இல்லை

மூன்றாம் மாடியிலிருந்து தெருவுக்கு ஐம்பத்து நான்கு படிகள். தும்பி இறங்கும்போது அவற்றை எண்ணுவதில்லை. ஏறும்போதுதான் எண்ணுவாள்.

அன்று காலை எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மா முன்னால் இறங்கினாள்.

"மெதுவா வாடி. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."

"நான் மெதுவாத்தான் வரேன். நீதான் அடுத்த வாரத்துக்கே போயிட்டிருக்கே."

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்தபடியே இரண்டாம் மாடித் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தாள். பெண் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். இடது கால் தரையில் முழுதாகப் பதியாமல் லேசாகத் தூக்கியிருந்தது.

"வலிக்குதா?"

"இல்லையே. மூச்சு வாங்கிச்சு."

இறங்கும்போது யாருக்கு மூச்சு வாங்கும்? அம்மா கேட்கவில்லை.

முதலிலிருந்து இவர்களோடு நடந்து வருகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். இன்று வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. தும்பி என்பது அப்பா வைத்த பெயர். தவழ்வதை விட்டு எழுந்த நாளிலிருந்து ஓரிடத்தில் நிற்காத குழந்தை. பத்து வயதில் ஓட்டம் நின்றது. உட்கார்ந்தால் உள்ளங்காலில் வளைவு தெரியும். எழுந்து நின்றால் அது மறைந்து பாதம் முழுவதும் தரையோடு ஒட்டிவிடும். பள்ளியில் 'வாத்து' என்றார்கள். காலணிக்குள் வைக்கும் உள்தட்டு, சுவரில் கை ஊன்றி ஆடுசதையை இழுக்கும் பயிற்சி என்று இரண்டு வருடம் போனது. வலி போகவில்லை. எட்டு மாதத்துக்கு முன் வலது காலில் அறுவை நடந்தது. குதிகால் எலும்பை வெட்டி, நடுவே ஆப்பு போல ஒரு சிறு எலும்புத் துண்டை வைத்து நீட்டினார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு, கால் தரையில் படக்கூடாது. இப்போது அந்தக் காலில் வளைவும் இருக்கிறது, வலியும் இல்லை.

இடது காலுக்குத் தேதி கிடைத்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை. அதற்கு முந்தைய கடைசிப் பரிசோதனைக்குத்தான் இந்தப் பயணம்.

மருத்துவர் அம்மாவிடம் அதிகம் பேசமாட்டார். அவருடைய நாற்காலியே தும்பியைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும்.

"நுனிக்கால்ல நில்லு பாப்போம்."

நின்றாள். இடது பாதத்தில் வளைவு எழுந்தது. இறங்கினாள். வளைவு காணாமல் போனது. மருத்துவர் பின்னால் குனிந்து இரண்டு குதிகால்களையும் பார்த்தார். வலது நேராக நின்றது. இடது வெளிப்பக்கம் சரிந்திருந்தது.

"சரி, உக்காரு. பூஜ்யத்துலேருந்து பத்து வரைக்கும். இடது காலுக்கு இன்னைக்கு எத்தனை?"

"பூஜ்யம்."

பேனா நின்றது. "போன தடவை ஆறுன்னு சொன்னே."

"போயிடுச்சு."

"ஓடினா?"

"பூஜ்யம்."

"படி ஏறினா?"

தும்பி ஜன்னலைப் பார்த்தாள். "பூஜ்யம்."

அம்மா வாயைத் திறந்தாள். மருத்துவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். பிறகு இருவருக்குமாகச் சொன்னார்:

"கால் தட்டையா இருக்குன்னு மட்டும் நான் கத்தி வைக்க மாட்டேன். தட்டைக் காலோட சந்தோஷமா நடக்கிறவங்க ஊர்ல பாதிப் பேரு இருக்காங்க. வலி இருந்து, வேற எதுக்கும் அது அடங்கலைன்னாதான் அறுவை. வலி எந்தப் படத்துலயும் தெரியாது. அந்தக் காலுக்குச் சொந்தக்காரங்க சொன்னாத்தான் உண்டு. அவ இல்லைன்னு சொன்னா, நான் நம்பித்தான் ஆகணும்."

"டாக்டர், நேத்துகூட..."

"அவகிட்ட பேசுங்க. அஞ்சு மணி வரைக்கும் அந்த இடத்தை வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் வேற பிள்ளைக்குக் கொடுத்துடுவேன். அடுத்த தேதி வர ஒரு வருஷம்கூட ஆகலாம்."

வெளியே வந்ததும் அம்மாவின் மனதில் முதலில் எழுந்தது கோபம் அல்ல. ஒரு சின்ன நிம்மதி. தான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் மறுபடியும் விடுப்புக்காக நிற்க வேண்டாம், மேற்பார்வையாளரின் புருவம் உயர்வதைப் பார்க்க வேண்டாம் என்ற நிம்மதி. அது எழுந்த வேகத்திலேயே அவளுக்கு வெட்கமாகிவிட்டது. தன் மனம் இப்படியும் நினைக்குமா? 'கடவுளே, மன்னிச்சுடு' என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள்.

உள்தட்டுக்குப் புது அளவு எடுக்க ஒரு செவிலி தும்பியை அழைத்துப் போனாள். அம்மா நடைபாதை பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள்.

எதிரே கட்டறை. அதன் வாசலில், கையெல்லாம் மாவு காய்ந்த ஒரு பெரிய மனிதர் நின்றுகொண்டிருந்தார். மாவுக்கட்டு போடுவதும் அறுப்பதும் அவர் வேலை. ஆஸ்பத்திரி முழுவதும் அவரைக் 'கட்டு அண்ணன்' என்றுதான் கூப்பிடும். இரண்டு முறை உள்ளே போய், இரண்டு முறை வெளியே வந்தார். மூன்றாம் முறை பெஞ்சருகே வந்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இது என் வேலை இல்ல."

"சொல்லுங்கண்ணே."

"பொண்ணு வலி இல்லைன்னு சொல்லிடுச்சாம். நர்ஸம்மா சொன்னாங்க. அதோட வலது கால் கட்டை நான்தான் அறுத்தேன்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "மறக்குமாண்ணே? பசங்க எவ்வளவு எழுதியிருந்தாங்க! தினம் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தா புதுசா ஒரு வாழ்த்து இருக்கும். பகல்ல யாராவது ஒருத்தர் வந்துட்டுப் போயிருப்பாங்க. அதைப் பாத்துத்தான் நான் நிம்மதியா வேலைக்குப் போனேன்."

அவர் தலையைச் சொறிந்தார். மாவு உதிர்ந்தது.

"கட்டுல எழுத வர்றவங்க எங்க உக்காருவாங்க? எதிர்ல, காலடியில. அப்படி எழுதினா படுத்திருக்கிற பிள்ளைக்கு எழுத்து தலைகீழாத் தெரியும். நானும் காலடியில நின்னுதான் அறுக்கறேன். எனக்கு அது நேராத் தெரியும். பதினெட்டு வருஷமா எல்லாப் பிள்ளைகளோட வாழ்த்தையும் படிச்சுக்கிட்டேதான் அறுக்கறேன், பொழுது போகணும் இல்ல?"

அம்மா அவரையே பார்த்தாள்.

"உங்க பொண்ணோட கட்டு எனக்கு மொத்தமும் தலைகீழ். பன்னிரண்டு பேர் பேரு, மூணு கலர் மை. ஒரு வரிகூட என் பக்கம் நேரா இல்ல. எல்லாம் அவளைப் பாத்து எழுதின எழுத்து."

"ஒருவேளை பக்கத்துல உக்காந்து..."

"அடிப்பாதத்துல ஒரு கோடு இல்லம்மா. பசங்க முதல்ல எழுதற இடமே அதுதான், கோமாளி மூஞ்சி வரைவாங்க. குதிகாலுக்குப் பின்னால, ஆடுசதைக்குப் பின்னால, எங்கயும் இல்ல. அவ கை எட்டற வரைக்கும்தான் வாழ்த்து."

சாயங்காலங்களில் அவள் தலையணைப் பக்கமாக உட்கார்ந்து, மகளோடு சேர்ந்தேதான் அவற்றைப் படித்தாள். அங்கிருந்து எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. 'சீக்கிரம் நட.' 'நீ இல்லாம வகுப்பே நல்லா இல்ல.' தினம் ஒன்று. தானே ஒரு வரி எழுதிவைக்கத் தனக்குத் தோன்றவே இல்லையே என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும்," என்றார் கட்டு அண்ணன். "குடும்ப விஷயம், நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன். வலி இல்லைன்னு அது சொன்னது வலியைப் பத்தி மட்டும் இருக்காதோன்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

உள்ளே யாரோ குழந்தை அழும் சத்தம் கேட்டது. "வரேன்டா ராஜா, உன்னை இல்ல, கட்டைத்தான் அறுக்கப் போறேன்!" என்று கத்திக்கொண்டே அவர் போய்விட்டார்.

தனக்கு இதனால் ஒரு லாபமும் இல்லாத மனிதர் இரண்டு முறை தயங்கி, மூன்றாம் முறை வந்து சொன்னார். அந்த மூன்றாம் முறையில்தான் கடவுள் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

தும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா அவள் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"வலிக்குதாடி, குட்டி?"

"எத்தனை தடவைம்மா கேப்பே? வலிக்கல."

அம்மா மேலே கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்று இப்போது அவளுக்குத் தெரியும். வீட்டில் அந்த ஆறு வாரம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தாள். காலை ஏழரைக்குக் கதவைச் சாத்துவாள். கட்டிலருகே தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, தொலைபேசி, ஊன்றுகோல். மாலை ஐந்தரைக்குத் திறப்பாள். நடுவில் பத்து மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாயும் ஒரு துண்டு வானமும். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி சுவர் வழியாகக் கேட்கும், வார்த்தைகள் மட்டும் புரியாது. "ஒரு தொந்தரவும் தரலைங்க, தங்கமான பிள்ளை," என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

வந்திருக்கக்கூடிய ஒரே மனுஷியை அவளே தடுத்திருந்தாள்.

கணவரின் அக்கா. நாலு தெரு தள்ளித் தனியாக இருக்கிறவள்; துணிக்கடை வேலைக்கு விடுப்பு போட்டாவது வந்திருப்பாள். முதல் அறுவைக்கு முந்தைய நாள் வந்து, "பெத்த பிள்ளை காலை அறுக்கக் கொடுக்க அப்படி என்ன அவசரம்? எனக்கும் இதே காலுதான். துணிக்கடையில இருபத்திரெண்டு வருஷம் நின்னு பொழைக்கலையா?" என்று கேட்டாள். பயத்தில் இருந்த அம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. "இனிமே என் வாசப்படியை மிதிக்காதீங்க," என்று சொல்லிவிட்டாள். நாத்தனாரும் அன்றிலிருந்து மிதிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வரிசைகளைக் கடந்து அவர்கள் பஸ் ஏறும்போது மணி மூன்றரை ஆகிவிட்டது. வீட்டு நிறுத்தத்தில் தும்பி எழுந்தாள்.

"உக்காரு. அடுத்த நிறுத்தம்."

"அங்க என்ன இருக்கு?"

"அத்தை இருக்கா. இன்னைக்கு அவளுக்குக் கடை லீவு."

தும்பி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு உடம்பு சரியில்லையாம்மா?"

அத்தை வீடு தெருமட்டத்தில் இருந்தது. கதவைத் தட்டியதும் உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "திறந்துதான் இருக்கு. தள்ளிட்டு வாங்க."

அத்தை மேசையருகே உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அடேயப்பா! மாடி வீட்டு மகாராணி இறங்கி வந்திருக்காங்க. வழி ஞாபகம் இருந்துதா?"

"அண்ணி, நான் அன்னைக்குப் பேசினது தப்பு."

இப்படி நேராக வரும் என்று அத்தை எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த சண்டையை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல ஊசியைத் துணியில் குத்தினாள். "ம். உக்காரு. தும்பி, நீயும் உக்காருடி. என்ன உயரம் இது? ஒட்டடை அடிக்கக் கூப்பிட்டுக்கலாம் போலிருக்கே."

தும்பி சிரித்தாள். அம்மா உட்காரவில்லை.

"வியாழக்கிழமை இவளுக்கு இடது காலுக்கு ஆபரேஷன். ஆறு வாரம் பகல்ல யாராவது இவகூட இருக்கணும். கடைக்கு லீவு போட்டு நீங்க வருவீங்களான்னு கேக்கத்தான் வந்தேன்."

"எனக்குத்தான் வலிக்கலைன்னு சொல்லிட்டேனே!" என்றாள் தும்பி.

அத்தை ஒரு பொத்தானை விரலில் உருட்டினாள். பிறகு, "முடியாது," என்றாள்.

"கோபம்னா என்மேல காட்டுங்க அண்ணி. பிள்ளைமேல வேண்டாம்."

"கோபமும் இல்ல, மண்ணும் இல்ல. முடியாதுன்னா முடியாது." குரல் சற்று உடைந்தது. அதை மறைக்க, "இரு, குடிக்கத் தண்ணி கொண்டாரேன்," என்று எழுந்தாள்.

மேசையைப் பிடித்தாள். அடுத்து அலமாரியை. அடுத்து சுவரை. மூன்று எட்டு வைப்பதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது.

அம்மா இதைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்குள் தும்பி எழுந்துவிட்டாள். அத்தையின் தோளைப் பிடித்து நாற்காலிக்குத் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். தானும் தரையில் உட்கார்ந்து அத்தையின் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடுடி. காலைப் பிடிக்கற வயசா உனக்கு?"

"சும்மா இரு அத்தை. இங்கதானே?" கணுக்காலுக்குக் கீழே, உள்பக்கம், கட்டைவிரல் நேராக ஒரு புள்ளியில் போய் நின்றது.

அத்தை மூச்சை இழுத்தாள்.

"ரொம்ப நேரம் நின்னா இங்க ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் ஆடுசதை இறுகிக்கும், கயிறு மாதிரி. காலையில முதல் அடி வெக்கறதுதான் மோசம். இப்படிக் கட்டைவிரலால சுத்தினா கொஞ்சம் விடும். ரெண்டு நிமிஷம்தான். அப்புறம் திரும்ப வந்துடும்."

"சரியாச் சொல்றியே," என்றாள் அத்தை, கண்ணை மூடிக்கொண்டு. "எந்தக் காலுடி உனக்கு?"

"இடது."

விரல் நின்றுவிட்டது.

தும்பி தலையைத் தூக்கவில்லை. அம்மா மெல்ல வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தனை?" என்று கேட்டாள்.

"ஏழு." பிறகு இன்னும் சின்னக் குரலில், "நம்ம வீட்டுப் படி ஏறினா எட்டு."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா கட்டு போடுவாங்க. எனக்கு அந்த நாப்பத்திரெண்டு நாள் வேணாம்மா." அவள் அழவில்லை. மிகவும் யோசித்து வைத்திருந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். "வலிச்சாலும் பள்ளிக்கூடத்துல பேச்சுச் சத்தம் கேக்கும். முதல் வாரம் ரெண்டு பேர் வந்தாங்க. அப்புறம் பரீட்சை வந்துடுச்சு. அப்புறம் யாரும் வரல. நீ சாயங்காலம் வந்து பேசச் சொல்லும்போது என் குரலே எனக்குப் புதுசா இருக்கும்."

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "நான் பாக்கலை குட்டி," என்றாள்.

அத்தை மூக்கை உறிஞ்சினாள். "கடையை விட்டு அஞ்சு மாசம் ஆச்சு," என்றாள் சுவரைப் பார்த்து. "நிக்க முடியல. யாருகிட்டயும் சொல்லல. பெரிசா நின்னு பொழைச்சேன்னு பேசிட்டு, எந்த மூஞ்சியோட சொல்றது? உங்க மூணு மாடி என்னால ஏற முடியாதும்மா. அதான் முடியாதுன்னேன்."

"அண்ணி..."

"இங்க படி இல்லையே. இவளை இங்க கொண்டாந்து போடு. காலையில விட்டுட்டுப் போ, சாயங்காலம் வந்து பாரு. ராத்திரியும் இங்கயே கிடக்கட்டும், நீயும் வந்து கிட." கண்ணைத் துடைத்துக்கொண்டு தும்பியைப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் சேத்து நாலு காலு. அதுல நல்லது ஒண்ணு. சமாளிக்கலாம், என்னடி?"

தும்பி பொங்கி வந்த சிரிப்போடு அழவும் ஆரம்பித்தாள்.

மணி நாலு நாற்பது. அம்மா ஆஸ்பத்திரிக்கு அழைத்தாள். செவிலி எடுத்து, "பொண்ணுகிட்ட கொடுங்க. அவ வாயாலதான் கேக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க," என்றாள்.

தும்பி தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஏழு," என்றாள். "ஆமா... காலையில பொய் சொன்னேன்... இல்ல, இப்போ பயமா இல்ல. கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. ஆனா கூட ஆள் இருக்காங்க."

கேட்டுக்கொண்டு தலையாட்டினாள். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்: "வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்கு, வெறும் வயித்தோட வரணுமாம். இடத்தை யாருக்கும் கொடுக்கலையாம்."

அத்தை அவசரமாக அம்மாவின் கையைப் பிடித்தாள். "இங்க பாரு. இவளைப் பாத்துக்கறேன், சரி. ஆனா என் காலைப் பத்தியோ கடையை விட்டதைப் பத்தியோ தம்பிகிட்ட மூச்சு விடாதே. அவன் எங்கேயோ லாரி ஓட்டிட்டிருக்கான். நல்லா இருக்கேன்னே அவன் நினைச்சுட்டு இருக்கட்டும்."

"நீங்களும் ஒரு டாக்டரைப் பாக்கணும் அண்ணி."

"என் காலை எவருக்கும் காட்டமாட்டேன். அந்தப் பேச்சே வேண்டாம்."

அம்மா பதில் சொல்வதற்குள் கையிலிருந்த தொலைபேசி ஒலித்தது. திரையில் கணவரின் பெயர். சரக்கு இறக்கும் வரிசையில் நிற்கும்போது பேசுவார். எடுத்ததும் எஞ்சின் இரைச்சல்தான் முதலில் கேட்டது. அதற்கு மேலே அவர் குரல்.

"என்ன, ஆஸ்பத்திரி போனீங்களா? எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

'நல்லா இருக்கோம்' என்பது அவள் நாக்கு நுனியில் இருந்தது. தூரத்தில் இருக்கிறவர் கவலைப்படக்கூடாது என்று இத்தனை நாளும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறாள். அத்தை வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தும்பி, அத்தையின் பாதத்தை மடியிலிருந்து இறக்காமல், அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க," என்றாள் அம்மா. "யாரும் நல்லா இல்ல. நான் உங்க அக்கா வீட்டிலேருந்து பேசறேன்."

மறுமுனையில் எஞ்சின் அணைந்தது.

"சொல்லு," என்றார் அவர்.